பழைய கணிப்பொறியும் அதன் மின்வழங்கியும்

வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் வளர்ந்த நேயர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பாடிக்கொண்டிருந்த பெட்டி திடீரென ஊமையாகிவிட்டால், பழுது பார்க்க வருபவர் முதலில் பாட்டு உண்டாகும் பகுதியைத் தொடமாட்டார். பின்பக்கத்து அட்டையைக் கழற்றி, மின்சாரம் உள்ளே நுழையும் இடத்தையே முதலில் சோதிப்பார். பெரும்பாலும் குற்றம் அங்கேதான் இருக்கும். பரண்மேல் இருபது முப்பது ஆண்டுகளாகத் தூங்கும் மேசைக் கணிப்பொறிக்கும் இதே நியாயம் பொருந்தும். அதன் மூளை எனப்படும் சில்லு கெடுவது அரிது. நினைவகம் கெடுவதும் அவ்வளவு எளிதன்று. அவற்றுக்கெல்லாம் சோறு ஊட்டும் மின்வழங்கிதான் முதலில் முதுமை எய்துகிறது.

டில்லி நேரு பிளேசிலும், மும்பை லாமிங்டன் சாலையிலும், பெங்களூர் எஸ்.பி. சாலையிலும், சென்னை ரிச்சி தெருவிலும் இதனை எஸ்.எம்.பி.எஸ். என்ற நான்கெழுத்தாலேயே கேட்டு வாங்குகிறார்கள். இன்று சில நூறு ரூபாய் கொடுத்து மாற்றிவிட்டுப் பழையதைக் காயலான் கடையில் எறிந்துவிடும் இந்தத் தகரப் பெட்டிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்துகொள்ளாமல் பழைய இயந்திரத்தைத் திறப்பவர், இயந்திரத்தையும் கெடுத்துக்கொள்வார். தம் கையையும் சுட்டுக்கொள்வார். இரண்டும் செய்து பார்த்தவன் என்ற முறையிலேயே இதனைச் சொல்லுகிறேன்.

சுவரிலிருந்து வருவது நம் நாட்டில் 230 வோல்ட்டு மாறுதிசை மின்சாரம். கணிப்பொறியின் சில்லுகளுக்கு வேண்டுவதோ 5 வோல்ட்டு நேர்திசை மின்சாரம். தட்டுச் சுழற்றிகளின் மோட்டாருக்கு 12 வோல்ட்டு வேண்டும். சில உறுப்புகளுக்கு எதிர்மறை 5 வோல்ட்டும் எதிர்மறை 12 வோல்ட்டும் வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்வதற்குப் பழைய வழி, ரேடியோவில் செய்த வழியேதான். கனத்த இரும்புத் தகடுகள் கொண்ட ஒரு டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தைக் குறைக்கும். டையோடுகள் அதனை ஒரே திசைக்குத் திருப்பும். பெரிய கண்டென்சர்கள் ஏற்ற இறக்கங்களைச் சமன்செய்யும். இறுதியில் ஒரு சீராக்கி, எஞ்சிய வோல்ட்டுகளை வெப்பமாக எரித்துவிட்டு, வேண்டிய அளவை மட்டும் வெளியே விடும்.

இந்த 'எரித்துவிட்டு' என்ற சொல்லில்தான் இம்முறையின் குறை முழுவதும் அடங்கியுள்ளது. 8 வோல்ட்டில் வரும் 10 ஆம்பியர் மின்னோட்டத்தை 5 வோல்ட்டாக்க வேண்டுமானால் 30 வாட்டு வெறும் சூடாகப் போகிறது. 1975 ஜனவரியில் ஓர் அமெரிக்க மின்னணு இதழின் அட்டையில் தோன்றிப் புகழ்பெற்ற ஆல்டேர் 8800 என்ற கணிப்பொறி இவ்வழியையே பின்பற்றியது. அதன் பெட்டியில் பாதி எடை டிரான்ஸ்பார்மருடையதோ என்று ஐயுறும்படி இருக்கும். சீராக்கப்படாத 8 வோல்ட்டை எல்லா அட்டைகளுக்கும் அனுப்பிவிட்டு, ஒவ்வோர் அட்டையிலும் தனித்தனிச் சீராக்கியை வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் நினைவக அட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க மின்வழங்கி திணறியது. ஆகவே பலர் இன்னும் பெரிய டிரான்ஸ்பார்மரை வாங்கித் தாமே பொருத்தினார்கள். தனியாருக்கான கணிப்பொறி பிறந்த அந்த நாளிலேயே மின்வழங்கியை 'மேம்படுத்தும்' வழக்கமும் உடன்பிறந்தது எனலாம்.

மற்றொரு வழி பொறியாளர்களுக்குத் தெரியாததன்று. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை நேராகவே திருத்தி, ஏறத்தாழ 320 வோல்ட்டு நேர்திசை மின்சாரமாக்கிக்கொள்வது. அதை ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டு நொடிக்குப் பல்லாயிரம் முறை இணைத்துத் துண்டிப்பது. அந்தத் துடிப்புகளை ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் வழியே செலுத்துவது. நொடிக்கு 50 சுற்று என்ற வேகத்தில் வேலை செய்யும் டிரான்ஸ்பார்மர் செங்கல் அளவு இருக்க வேண்டும். பல்லாயிரம் சுற்று வேகத்தில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய உருவம் போதும். வோல்ட்டு குறைந்தால் இணைப்பு நேரத்தை நீட்டலாம்; மிகுந்தால் சுருக்கலாம். எரித்து வீணாக்கும் வேலையே இல்லை. இதுவே சுவிட்சு முறை.

1960களில் விண்கலங்களில் இம்முறை பயன்பட்டது. அங்கே எடையும் மின்சாரமும் பொன்னினும் அரியவை அன்றோ? வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் அது வருவதற்கு, உயர்ந்த மின்னழுத்தத்தையும் மிகுந்த வேகத்தையும் ஒருசேரத் தாங்கும் மலிவான டிரான்சிஸ்டர்கள் தேவைப்பட்டன. அவை 1970ஆம் ஆண்டை ஒட்டிக் கிடைக்கலாயின. ராபர்ட் போஷர்ட் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1970இல் தம் வீட்டுச் சமையலறை மேசையிலேயே இவ்வகை மின்வழங்கிகளைச் செய்யத் தொடங்கி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நூற்றுக்கணக்கானோர் வேலை செய்யும் தொழிற்சாலையாக அதை வளர்த்தார். 1976இல் சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்தைச் சேர்ந்த பாப் மம்மானோ, இணைப்பு நேரத்தைக் கட்டுப்படுத்தும் வேலை முழுவதையும் ஒரே சில்லில் அடக்கினார். அதற்குமுன் கைப்பிடி அளவு உறுப்புகள் செய்த வேலை அது.

இப்படிப் பலர் உழைத்து விளைந்த பயிரின் புகழ் ஒருவருக்கே போய்ச் சேர இருந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறியில் விசிறி கிடையாது. விசிறியின் இரைச்சல் கூடாது என்பது ஸ்டீவ் ஜாப்ஸின் பிடிவாதம். விசிறி இல்லையேல் சூடும் இருக்கக் கூடாது. அடாரி நிறுவனத்தில் இருந்த ராட் ஹோல்ட் என்ற மின்னணுப் பொறியாளரை ஜாப்ஸ் அழைத்துவந்தார். ஹோல்ட் சுவிட்சு முறையில் 38 வாட்டு மின்வழங்கியை அமைத்தார். சிறியது, இலேசானது, குளிர்ந்தது. அதற்கு 1978இல் காப்புரிமையும் கிட்டியது. இதுவரை மறுப்பில்லை. ஆனால் 2011இல் வால்டர் ஐசக்ஸன் எழுதிய ஜாப்ஸின் வாழ்க்கை வரலாற்றில், பின்னாளைய கணிப்பொறிகள் யாவும் ஹோல்ட்டின் அமைப்பையே களவாடின என்னும் பொருள்பட ஜாப்ஸ் கூறிய கருத்து இடம்பெற்றது. மறு ஆண்டே கென் ஷிரிப் என்ற பொறியாளர் பழைய மின்சுற்று வரைபடங்களையும் காப்புரிமை ஏடுகளையும் ஒப்பிட்டு, அது அப்படியன்று என்று காட்டினார். ஹோல்ட்டின் சுற்றுத் தானே துடித்து இயங்கும் எளிய வகை, ஐ.பி.எம். கையாண்டதோ கட்டுப்பாட்டுச் சில்லை நம்பிய வேறு வகை. ஹோல்ட்டின் திறமையை இது குறைத்துவிடவில்லை. போஷர்ட், மம்மானோ போன்றோரின் பங்கை உரிய இடத்தில் வைத்தது, அவ்வளவே. பழுது பார்ப்பவனுக்கும் இந்த வேறுபாடு பயன்படுகிறது: ஆப்பிளின் மின்வழங்கியில் தேடுவதை ஐ.பி.எம். பெட்டியில் தேடினால் கிடைக்காது.

ஐ.பி.எம். தன் 'பி.சி.' வரிசையின் முதல் கணிப்பொறியை 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் அறிமுகம் செய்தது. அதன் மின்வழங்கி 63.5 வாட்டு. இந்த வேடிக்கையான எண் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் கூட்டிப் பார்க்கலாம். 5 வோல்ட்டில் 7 ஆம்பியர். 12 வோல்ட்டில் 2 ஆம்பியர். எதிர்மறை 5 வோல்ட்டில் 0.3, எதிர்மறை 12 வோல்ட்டில் 0.25 ஆம்பியர். பெருக்கிக் கூட்டினால் சரியாக 63.5 வரும். இரண்டு நெகிழ்தட்டுச் சுழற்றிகளுக்கு இது போதும். ஆனால் மக்கள் நிலைத்தட்டை விரும்பினார்கள். நிலைத்தட்டு சுழலத் தொடங்கும் சில நொடிகளில் அது 12 வோல்ட்டிலிருந்து இழுக்கும் மின்னோட்டத்தை அந்தச் சிறு பெட்டி தாங்கவில்லை. 1983 மார்ச்சில் வந்த எக்ஸ்.டி. என்னும் இரண்டாவது இயந்திரத்தில் ஐ.பி.எம். அதை 130 வாட்டாக உயர்த்தியது. உருவமும் பொருந்தியதால், முதல் இயந்திரத்தை வைத்திருந்தவர்கள் பழையதைக் கழற்றி, 130 வாட்டு, 150 வாட்டுப் பெட்டிகளைப் பூட்டினார்கள். இன்று 63.5 வாட்டு மூல மின்வழங்கியோடு ஓர் இயந்திரம் கிடைத்தால் சேகரிப்போர் மகிழ்வதற்கு இதுவே காரணம்.

1984 ஆகஸ்டில் வந்த ஏ.டி. இயந்திரத்தின் மின்வழங்கி 192 வாட்டு. இதில் ஒரு விந்தை. சுவிட்சு முறை மின்வழங்கிக்குக் குறைந்தபட்சச் சுமை ஒன்று வேண்டும். சுமையே இல்லையேல் அது தன்னைச் சீராக்கிக்கொள்ள இயலாது, சில வேளை தொடங்கவே தொடங்காது. நிலைத்தட்டு இல்லாமல் ஏ.டி.யை வாங்கியவர்களுக்காக ஐ.பி.எம். என்ன செய்தது தெரியுமா? தட்டு இருக்கவேண்டிய இடத்தில் 5 ஓம், 50 வாட்டு மின்தடை ஒன்றைப் பொருத்தி, வீணே சூடேற விட்டது. சிக்கனத்துக்காகப் பிறந்த முறைக்கு அப்படி ஒரு கப்பம் கட்ட வேண்டியிருந்தது. இந்தச் செய்தியை அறியாதவர்கள், பழைய மின்வழங்கியைத் தனியே கழற்றி மேசைமேல் வைத்துச் சோதித்து, நல்லதையே கெட்டது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். அக்காலத்து இயந்திரங்களில் தாய்ப்பலகைக்குச் செல்லும் இணைப்பு இரண்டு துண்டுகளாக இருக்கும். ஆறு ஆறு கம்பிகள். இரண்டும் ஒரே மாதிரி. இடம் மாற்றிச் செருகினாலும் சற்று அழுத்தினால் நுழைந்துவிடும். நுழைந்தால் பலகை போயிற்று. கறுப்புக் கம்பிகள் நான்கும் நடுவில் ஒன்றுசேர வேண்டும் என்ற ஒரே விதியை எல்லா நகரங்களின் கடைத்தெருக்களிலும் பையன்கள் முதல் நாளிலேயே கற்றுக்கொண்டார்கள்.

நம் நாட்டுக்கு நேரடித் தொடர்புள்ள ஓர் இயந்திரத்தை இனிப் பார்க்கலாம். பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனம், பொதுமக்களுக்குக் கணிப்பொறி அறிவு புகட்டும் திட்டத்தின் பகுதியாக, ஏக்கார்ன் நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த பி.பி.சி. மைக்ரோ 1981 இறுதியில் வெளிவந்தது. வானொலி நிலையம் ஒன்றின் பெயரைத் தாங்கிய கணிப்பொறி என்பதால் நமக்கு அதன்மேல் ஒரு தனிப் பற்று. முதலில் வந்தவற்றில் டிரான்ஸ்பார்மர் முறை மின்வழங்கியே இருந்தது. அது அளவுக்கு மீறிச் சூடேறியதால் விரைவிலேயே சுவிட்சு முறைக்கு மாற்றினார்கள். 1984-85இல் நம் அரசு பள்ளி மாணவர்களுக்குக் கணிப்பொறியை அறிமுகப்படுத்தும் 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கியபோது தேர்ந்தெடுத்தது இந்த இயந்திரத்தையே. முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்கு அது சென்றது. பொதுத்துறையைச் சேர்ந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 'யூனிகார்ன்' என்ற பெயரில் அதன் இந்திய வடிவத்தையும் செய்தது. வெளி மாநிலங்களில் மத்திய அரசுப் பள்ளிகளில் படித்த நம்மவர் பிள்ளைகளில் சிலர் முதன்முதலில் விரல் வைத்த விசைப்பலகை இதுவாக இருக்கக்கூடும்.

அந்த இயந்திரங்களில் ஒன்று எங்கேனும் அலமாரியில் இருந்தால், தயவுசெய்து அப்படியே மின்சாரத்தில் செருக வேண்டா. அதன் மின்வழங்கியில், மின்சாரம் நுழையும் வாயிலிலேயே, தேன் நிறத்துப் பிசின் உறையிட்ட சிறு கண்டென்சர் ஒன்று இருக்கும். உள்ளே உலோகப் பூச்சிட்ட காகிதம். துண்டிப்பினால் எழும் இரைச்சல் மின்கம்பி வழியே வெளியேறி அண்டை வீட்டு ரேடியோவைக் கெடுக்காதிருக்க வைத்தது அது. ஆண்டுகள் செல்லச் செல்ல உறையில் மயிரிழை வெடிப்புகள் விடும். அவ்வழியே காற்றின் ஈரம் புகும். மும்பை போன்ற ஊர்களின் கடலோரக் காற்றில் இன்னும் விரைவாகப் புகும். மின்சாரம் பாய்ந்த சில நிமிடங்களில் ஒரு சீறல். அதன்பின் அறை நிறைய நாற்றப் புகை. பார்ப்பவர்கள் இயந்திரமே எரிந்துவிட்டதென்று பதறுவார்கள். உண்மையில் அந்தக் கண்டென்சர் ஒன்றுதான் போயிருக்கும். அது இல்லாமலே இயந்திரம் ஓடும். அதே அளவுள்ள, 'எக்ஸ் 2' என்ற பாதுகாப்பு முத்திரை பெற்ற பாலிபுரொப்பிலீன் கண்டென்சரை முன்கூட்டியே மாற்றிவிட்டால் இந்தக் கலவரம் இல்லை. ஆப்பிள் 2 வரிசையில் பலவற்றிலும் இதே கண்டென்சர் உண்டு.

புகையைப் பற்றிப் பேசும்போது என் சொந்தப் பிழையை மறைக்க மனம் வரவில்லை. 1980களின் இறுதியில் நான் பிலாயில் இருந்தபோது, அண்டை வீட்டார் ஒருவரின் மைத்துனர் அமெரிக்காவிலிருந்து ஒரு கணிப்பொறி கொண்டுவந்தார். அன்று எங்கள் குடியிருப்பில் அது பெரிய செய்தி. மின்சார விஷயம் தெரிந்தவன் என்று என்னை அழைத்தார்கள். சுற்றிலும் பிள்ளைகள். நானும் பெருமையோடு கம்பியைச் செருகி விசையை அழுத்தினேன். பட்டாசு வெடித்ததுபோல ஓர் ஓசை, வெண்புகை. பின்பக்கத்தில் சிறிய சிவப்புச் சறுக்கு விசை ஒன்று இருந்தது. அதில் 115 என்ற எண் தெரிந்தது. அதை நான் பார்க்கவில்லை.

அந்த விசை செய்வது இதுதான். 115 வோல்ட்டு நாடுகளில், உள்ளே வரிசையாக உள்ள இரு பெரிய கண்டென்சர்களும் மாறிமாறி நிரம்பி, மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். ஒவ்வொன்றும் சுமார் 160 வோல்ட்டைத் தாங்கும். 230 நிலையில் இரட்டிப்பு இல்லை. இரண்டும் சேர்ந்து 320 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். ஆக இரு நாட்டிலும் உட்பகுதி காண்பது ஒன்றே. ஆனால் 115 நிலையில் நம் ஊர் மின்சாரத்தைக் கொடுத்தாலோ, 200 வோல்ட்டுக்கென்று செய்யப்பட்ட ஒவ்வொரு கண்டென்சரின் தலையிலும் 320 வோல்ட்டு இறங்கும். அவை வெடிக்காமல் என்ன செய்யும்? அவ்வீட்டு அம்மாள் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லாமல் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்ததுதான் இன்றும் உறுத்துகிறது. இரண்டு கண்டென்சர், ஒரு பியூஸ், ஒரு ஜோடி டிரான்சிஸ்டர். நாக்பூருக்கு ஆள் அனுப்பித் தருவித்து, மூன்று வாரத்தில் ஓடச் செய்தேன். அன்றிலிருந்து எந்தப் பெட்டியையும் பின்பக்கம் பார்க்காமல் தொட்டதில்லை.

உயிரோடிருக்கும் பழைய மின்வழங்கியை எழுப்பும் முறைக்கு வருவோம். முதலில், திறப்பதற்கு முன் கம்பியைப் பிடுங்கிச் சில நிமிடங்கள் பொறுக்க வேண்டும். பிறகும் பெரிய கண்டென்சர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். தகுந்த மின்தடை ஒன்றின் வழியே அதை வெளியேற்றி, மீட்டரை வைத்துச் சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும். 320 வோல்ட்டு உயிரைக் குடிக்கக்கூடியது. இதில் பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொள்வதே நல்லது.

மின்னாற்பகுப்புக் கண்டென்சர் எனப்படும் உருளை வடிவானவற்றின் உள்ளே அலுமினியத் தகட்டின்மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டு. அதுவே காப்பு. நெடுங்காலம் மின்சாரமின்றிக் கிடந்தால் அப்படலம் நலிந்துவிடும். திடீரென முழு அழுத்தமும் பாய்ந்தால் ஒழுக்கு மிகுந்து சூடேறிக் கெடும். ஒரு மின்தடை வழியே சிறிது சிறிதாக ஏற்றிச் சில மணி நேரம் விட்டால் படலம் மீண்டும் தேறும். டிரான்ஸ்பார்மர் முறைப் பெட்டிகளுக்கு டிம்மர்ஸ்டாட்டைக் கொண்டு மெல்ல மெல்ல உயர்த்தலாம். நம் தொழிற்சாலைகளில் பலரும் கையாண்ட கருவி அது. சுவிட்சு முறைப் பெட்டிக்கு அது ஏற்றதன்று. குறைந்த வோல்ட்டில் அது வேண்டிய சக்தியைப் பெற மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கப் பார்த்துத் தன்னையே வருத்திக்கொள்ளும். அங்கே உதவுவது ஒரு பழைய குண்டு பல்பு. 60 அல்லது 100 வாட்டு இழை விளக்கை மின்வழங்கியோடு தொடராக இணைத்துச் செருகினால், விளக்கு ஒருமுறை மின்னி மங்கிவிட்டால் நலம். முழு ஒளியோடு நின்றால் உள்ளே குறுக்குச்சுற்று என்று பொருள். பியூசும் தப்பும், பெட்டியும் தப்பும். எல்.ஈ.டி. விளக்கு இதற்கு உதவாது. ஆகவே வீட்டில் இழை விளக்கு ஒன்றிரண்டு எஞ்சியிருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பழுதே பார்க்க முடியாதபடி செய்யப்பட்டவையும் உண்டு. 1982இல் வந்து கோடிக்கணக்கில் விற்ற கொமடோர் 64 வீட்டுக் கணிப்பொறியின் மின்வழங்கி தனிச் செங்கல் போன்றது. உள்ளே பிசினை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை. சீராக்கி கெடும்போது 5 வோல்ட்டு குறைவதற்குப் பதிலாக ஏறிவிடும். கெடுகிற மின்வழங்கி தன்னோடு நினைவகச் சில்லுகளையும் கொன்றுவிட்டே சாகும். இதற்கு மருந்து புதியதை வாங்குவது ஒன்றே.

1995இல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். என்ற புதிய அமைப்பை வகுத்தது. 3.3 வோல்ட்டு சேர்ந்தது. அணைத்த நிலையிலும் ஒரு சிறு 5 வோல்ட்டு விழித்திருந்து, தாய்ப்பலகை சொன்னால் பெட்டியை எழுப்பியது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், 1999 முதல் ஏறத்தாழ 2007 வரை, தரங்கெட்ட கண்டென்சர்கள் உலகெங்கும் பலகைகளிலும் மின்வழங்கிகளிலும் தலை வீங்கி ஒழுகின. 2005இல் பெரிய நிறுவனம் ஒன்று இதன்பொருட்டு 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. அக்காலத்து இயந்திரத்தைத் திறப்பவர் வேறெதையும் பார்ப்பதற்கு முன் கண்டென்சர்களின் தலை தட்டையாக உள்ளதா என்று பார்ப்பது வழக்கமாயிற்று.

பழைய பலகைக்குப் புதிய பெட்டியைப் பூட்டுவது எளிதென்று தோன்றும். மாற்றுக் கம்பி கடையில் கிடைக்கிறது. பச்சைக் கம்பியைப் பழைய விசை வழியே கறுப்போடு இணைத்தால் பெட்டி இயங்கும். ஆனால் 2003 வாக்கில் எதிர்மறை 5 வோல்ட்டு அமைப்பிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. பழைய ஒலி அட்டைகளில் சில அது இல்லாமல் ஊமையாகிவிடும். எதிர்மறை 12 வோல்ட்டிலிருந்து 7905 என்ற சிறு சீராக்கியைக் கொண்டு அதை உண்டாக்கிக்கொள்ளலாம். செலவு சில ரூபாய். மற்றொன்று, இக்காலப் பெட்டிகள் தம் வலிமையையெல்லாம் 12 வோல்ட்டிலேயே வைத்திருக்கின்றன. உறையில் 500 வாட்டு என்று அச்சிட்டிருந்தாலும் 5 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்பதைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

மூலப் பெட்டியையே பழுது பார்ப்பதா, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுப் புதிய சிறு பலகையை வைப்பதா என்று பழமை விரும்பிகளுக்குள் ஓயாத வழக்கு உண்டு. ஹோல்ட்டின் சுற்றோ ஐ.பி.எம்.மின் 63.5 வாட்டோ கைக்கு வந்தால் அதைக் காப்பதே என் விருப்பம். தட்டச்சு செய்யவும் பிள்ளைகளுக்குக் காட்டவும் மட்டும் இயந்திரம் வேண்டுமென்பவர் புதியதை வைத்துக்கொள்வதில் எனக்கு வழக்கில்லை. எதைச் செய்தாலும், கழற்றிய பழைய பலகையை ஓர் உறையிலிட்டு அந்தப் பெட்டியின் அடியிலேயே வையுங்கள். மூடியின் உட்புறம் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, எந்த ஆண்டு எந்தக் கண்டென்சரை மாற்றினீர்கள் என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். பிலாயில் நான் ஒட்டிய காகிதம் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நொய்டாவில் அந்தப் பெட்டியைத் திறந்த அவ்வீட்டுப் பேரனுக்குப் பயன்பட்டது. "மாமா, உங்கள் கையெழுத்துத்தானே இது?" என்று தொலைபேசியில் கேட்டான்.